மூன்றாம் தடத்தின் இரண்டாம் சுற்று

தை மாதத்து விடியலில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மைதானம் இருக்காது. பனி வந்து அதை எடுத்துக்கொண்டு போயிருக்கும். வெயில் ஏறிய பிறகு முதலில் கொடிக்கம்பம், அப்புறம் பலாமரம், அப்புறம் மண் என்று ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துவிட்டு மலைச்சரிவில் இறங்கிப் போகும்.

அம்சவேணி வந்தபோது பனி எதையும் திருப்பித் தந்திருக்கவில்லை. குண்டனி நாடு என்கிற மலைப்பகுதியின் ஓரத்தில் இருக்கும் அந்த உண்டு உறைவிடப் பள்ளியில் அவள் சமையல் உதவியாளர். அடுப்புப் பற்றவைக்க இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் இருட்டு பிரியும் முன்னே வந்துவிட்டாள். சந்தோஷம் அவளைப் படுக்க விடவில்லை. முந்தின நாள் மாலை, நானூறு மீட்டர் ஓட்டத்தில் அவள் மகள் யமுனா முதலாவதாக வந்திருந்தாள்.

முதலாவதாக வருவது அங்கே சின்ன விஷயம் இல்லை. நாமக்கல்லில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். பள்ளிக்கு ஒரு பெண் பிள்ளையின் பெயர்தான் அனுப்பலாம். எடுபட்டால் தங்குமிடம், சாப்பாடு, படிப்பு, கற்றுக்கொடுக்க ஆள், எல்லாம் கிடைக்கும். பெயர் எழுதிய கடிதம் இன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு சோளக்காடு ஊரிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் போக வேண்டும். அந்தக் கடிதத்தில் யமுனாவின் பெயர் இருக்கப்போகிறது.

மைதானத்தில் அவள் போட்ட சுண்ணாம்புக் கோடுகள் மட்டும் பனிக்குள் மங்கலாக மிதந்தன. தரை இல்லாமல் கோடு மட்டும் வளைந்து வளைந்து போவதைப் பார்க்க, யாரோ ஆகாயத்தில் வரைந்து வைத்ததுபோல் இருந்தது. அம்சவேணிக்குத் தன் கையை நினைத்தே கொஞ்சம் பெருமை வந்தது. ஓட்டை போட்ட டப்பாவில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பி, ஒரே சீராகத் தட்டிக்கொண்டே நடந்தால் அவளுக்குக் கோடு பிசகாது. அதனாலேயே விளையாட்டுப் பொறுப்பைச் சேர்த்துப் பார்க்கும் முருகானந்தம் சார் கோடு போட அவளைத்தான் கூப்பிடுவார். சார் உண்மையில் வரலாற்று வாத்தியார். உடற்கல்வி ஆசிரியர் மாற்றலாகிப் போய் இரண்டு வருடமாக அந்த இடம் காலியாக இருந்தது.

போன வருடம் வரை இரண்டு சுற்று ஓட்டத்தில் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கோட்டில் நின்று, விசில் ஊதியதும் உள்பக்கம் பாய்வார்கள். வளைவில் இடித்துத் தள்ளியதில் ஒரு பிள்ளைக்கு முன்பல் உடைந்தது. "இந்த வருசம் அவங்கவங்க தடத்துலயே ஓடட்டும், கடைசி வரைக்கும்" என்று சார் முடிவு செய்தார். கீழே ஊரில் யாரிடமோ வாங்கி வந்த ஒரு அச்சடித்த தாளை அவளிடம் கொடுத்தார். ஒவ்வொரு தடமும் நாலடி அகலம். நானூறு மீட்டர் ஓட்டத்துக்கு இரண்டாம் தடத்துப் பிள்ளை முதல் தடத்தை விட ஏழு மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். மூன்றாம் தடம் பதினாலே முக்கால் மீட்டர். நான்காம் தடம் இருபத்திரண்டு மீட்டருக்கு மேல். வெளிவட்டம் பெரியது, ஆகவே வெளியே ஓடுகிறவருக்கு அந்த ஈடு. அம்சவேணி டேப்பைப் பிடித்து ஒரு விரற்கடை பிசகாமல் அளந்து கோடு போட்டாள்.

நேற்று வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு அது புரியவில்லை. மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றும் சின்னுசாமி மூன்றாம் தடத்தில் நின்ற ராதிகா என்ற பிள்ளையைக் காட்டி, "ஏனுங்க சார், அந்தப் புள்ள உங்களுக்குச் சொந்தமுங்களா? விசில் ஊதறதுக்கு முன்னாலயே பாதி தூரம் போயி நிக்குதே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ராதிகா தலையைக் குனிந்துகொண்டாள். சீட்டுக் குலுக்கியதில் யமுனாவுக்கு முதல் தடம் கிடைத்திருந்தது. ஓடி முடித்தபோது யமுனா முன்னால், மூன்று காலடி பின்னால் ராதிகா.

இதையெல்லாம் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டு நின்றபோதுதான் அம்சவேணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. பனிக்குள் எங்கோ வெறுங்கால்கள் மண்ணைத் தொட்டுத் தொட்டு ஓடுகிற சத்தம். கிட்டே வந்தது, விலகியது, மறுபடி கிட்டே வந்தது. உருவம் இல்லை. எட்டுக்கை அம்மன்தான் விடிகாலையில் தன் மலையைச் சுற்றி வருகிறாளோ என்று ஒரு கணம் தோன்ற, அவள் கையைக் கூப்பிவிட்டாள்.

பனி கொஞ்சம் விலகியது. ராதிகா.

"அத்தை, நீங்களா? நான் பயந்தே போனேன்."

"நானுந்தான் கண்ணு. நேத்துதான ஓடுன? இன்னிக்கும் எதுக்கு?"

ராதிகா முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். அப்பா இல்லாத பிள்ளை. அம்மா மிளகு பறிக்கப் போகிறாள். "என்ன தப்புப் பண்ணுனேன்னு பாக்கலாம்னு வந்தேனுங்க. மொத ரவுண்டு முடிஞ்சு கோட்டத் தாண்டறப்ப யமுனாவுக்கு முன்னாலதான் இருந்தேன். ரெண்டாவது ரவுண்டுலயும் வேகத்தக் கொறைக்கல. ஆனா தடம் நீண்டுக்கிட்டே போற மாதிரி இருந்துச்சு. கனவுல ஓடுவமே, காலு ஓடும், ஊடு கிட்ட வராது, அப்படி." சிரித்தாள். "எனக்கு தம்மு பத்தல போலீங்க. இனிமே ஓட வேண்டாம்னு அம்மாவும் சொல்லுது."

பிறகு, பலாமரத்தடிக்குப் போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்து நீட்டினாள். உள்ளே ஒரு ஜோடி ஷூ. சேலத்தில் இருக்கும் அவள் மாமா மகள் போட்டுப் பழகியது. ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்ததை நைலான் நூலால் தைத்திருந்தாள்.

"இத யமுனாவுக்குக் குடுத்துருங்க அத்தை. நாமக்கல்லுல ரப்பர் தரையாமா. வெறுங்கால்ல ஓடுனா வெயிலுக்குக் கொப்புளிச்சுரும்னு சொல்றாங்க. அவளுக்கு ஷூ இல்லீல்ல?"

"உனக்கு வேண்டாமா?"

"எனக்கு இனி எதுக்குங்க?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். குற்றம் சொல்லவில்லை. பையைக் கொடுத்துவிட்டு விடுதிப் பக்கம் நடந்து பனிக்குள் கரைந்து போனாள்.

கையில் பையோடு அம்சவேணி நின்றாள். சந்தோஷத்துக்குள் ஒரு சிறு கல் விழுந்ததுபோல் இருந்தது. மொத ரவுண்டுல முன்னால இருந்தேன். அந்தப் பெண் பொய் சொல்லுகிறவள் இல்லை. அப்புறம், நேற்றுப் பையன்கள் ஓடியது ஞாபகம் வந்தது. முதல் தடத்துப் பையன் முதலில் வந்தான், இரண்டாம் தடத்துப் பையன் இரண்டாவதாக, மூன்றாமவன் மூன்றாவதாக, நான்காமவன் கடைசியாக. வரிசை வைத்ததுபோல வந்தார்கள். அப்போது யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

அவள் பையைக் கீழே வைத்தாள். முதல் தடத்தின் உட்கோட்டை ஒட்டி, மெல்ல, எண்ணிக்கொண்டே நடக்க ஆரம்பித்தாள். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கோடு எங்கே கொண்டு போகிறதோ அங்கே போனாள். எங்கோ ஒரு சேவல் கூவியது. அதுகூடப் பனிக்கு அடியில் இருந்து கூவியதுபோல் கேட்டது. கிளம்பிய இடத்துக்கு வந்து சேர்ந்தபோது முந்நூற்று இருபத்தெட்டு காலடி.

மறுபடி மூன்றாம் தடத்தில் நடந்தாள். முந்நூற்று ஐம்பத்திரண்டு.

இருபத்து நான்கு கூடுதல். ராதிகா நின்ற கோட்டுக்கும் முதல் தடத்துக் கோட்டுக்கும் நடுவே நடந்து பார்த்தாள். அதுவும் இருபத்து நான்குதான். சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஒரு சுற்றுக்கு இருபத்து நான்கு. பிள்ளைகள் ஓடியது இரண்டு சுற்று.

அந்தத் தாள் பெரிய மைதானத்துக்கு அச்சடித்தது. அங்கே நானூறு மீட்டர் என்றால் ஒரே சுற்று. மலையை வெட்டிச் சமன் செய்த இந்தச் சின்ன மைதானத்தில் நானூறு மீட்டருக்கு இரண்டு தரம் சுற்ற வேண்டும். வெளியே ஓடுகிறவளுக்கு ஒவ்வொரு வளைவும் கூடுதல் தூரம் கேட்கும். முதல் சுற்றின் வளைவுகளுக்கு ஈடு கொடுத்துவிட்டு, இரண்டாம் சுற்றின் வளைவுகளுக்கு ஒன்றுமே கொடுக்காமல் அந்தப் பெண்ணை ஓட விட்டிருக்கிறார்கள். இருபத்து நான்கு காலடி கூடுதலாக ஓடி, மூன்றே காலடியில் தோற்றிருக்கிறாள். தோற்றது தன் மூச்சின் குறை என்று நம்பி, ஷூவையும் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

இது யாருக்கும் தெரியாது. மதியம் பன்னிரண்டு மணிக்கு பஸ் போய்விடும். அம்சவேணி அப்படியும் நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். பத்தாவது முடித்ததும் மில்லுக்கோ மாப்பிள்ளை வீட்டுக்கோ போகிற பெண்களை அவள் பார்த்திருக்கிறாள். அவளே அப்படிப் போனவள்தான். மகளுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. அதைத் தன் கையாலேயே சாத்த வேண்டுமா? "அம்மா தாயே, நீயே சொல்லு" என்று பனியைப் பார்த்துக் கேட்டாள். சாமி வாய் திறந்து பேசுகிறது அபூர்வம். பெரும்பாலும் அது யார் கையிலாவது ஒரு துணிப்பையைக் கொடுத்து அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

அடுப்பைப் பற்றவைத்து உலையை வைத்துவிட்டு, முதலில் மகளிடம்தான் சொன்னாள். யமுனா தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு சமையல் கூடத்து வாசலில் நின்றிருந்தாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் இறங்கியது.

"இத யாருகிட்டச் சொன்ன?"

"உங்கிட்டத்தான் மொதல்ல."

"அப்ப விடு. நீ சொல்லாட்டி யாருக்குந் தெரியாது."

"எனக்குத் தெரியுதே கண்ணு."

"ஊருல எல்லா அம்மாவும் பெத்த புள்ளைக்காகச் சாமிகிட்ட வேண்டுவாங்க. எங்கம்மா அடுத்த ஊட்டுப் புள்ளைக்கு வேண்டுது!" யமுனாவின் குரல் உடைந்தது. "நான் என்ன திருடியா ஜெயிச்சேன்? நிக்கச் சொன்ன எடத்துல நின்னேன், ஓடச் சொன்னப்ப ஓடுனேன்."

"நீ ஒரு தப்பும் பண்ணல சாமி. தப்பு கோட்டுல."

"அப்ப நான் மட்டும் எதுக்குக் கஷ்டப்படணும்?"

அம்சவேணி அருகில் போய் ஈரத்தலையைத் தொடப் பார்த்தாள். யமுனா தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

முருகானந்தம் சார் கீழ்நாட்டுக்காரர், குளிருக்கு மப்ளர் சுற்றாமல் வெளியே வரமாட்டார். அவள் சொன்னதைக் கேட்டதும் முதலில் சிரித்தார். "அம்சவேணியம்மா, நம்ம மைதானம் அதுல பாதி. வட்டம் சின்னது. அப்ப வித்தியாசமும் பாதிதான வரும்? ரெண்டு சுத்துக்கும் சேத்துச் சரியாப் போச்சே."

"எனக்கு அதெல்லாந் தெரியாதுங்க சார். நான் நடந்து பாத்தேன். நீங்களும் டேப்பு வெச்சு அளந்து பாத்துருங்க."

பனி கலைந்துகொண்டிருந்தது. டேப்பின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவரும் பிடித்துக்கொண்டு, முதல் தடத்தையும் மூன்றாம் தடத்தையும் வளைவு வளைவாக அளந்தார்கள். முடித்துவிட்டு சார் சிமெண்டுப் படியில் சாக்கட்டியால் கூட்டிப் பார்த்தார். வட்டம் வரைந்தார், அழித்தார், அதைவிடப் பெரிய வட்டம் வரைந்தார்.

"ஆச்சரியமா இருக்கும்மா. மைதானம் சின்னதோ பெருசோ, முழுசா ஒரு சுத்துக்கு வித்தியாசம் அதேதான் வருது. தடத்தோட அகலம்தான் கணக்கு. உலகத்தையே சுத்தி வந்தாலும் இந்தப் பதினாலே முக்கால்தான். நான் பானிப்பட்டுப் போரு நடத்துற ஆளு. எனக்கு இது தெரியாமப் போச்சு." சாக்கட்டியைக் கீழே வைத்தார். "தாளக் குடுத்தது நான். தப்பு என்னுது."

"கோடு போட்டது நானுங்க."

"நான் சொன்னபடிதான போட்டீங்க?"

"போடறப்ப யோசிச்சிருக்கோணும்ங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஜெயிச்சது உங்க மக. இத எங்கிட்டச் சொல்லணும்னு உங்களுக்கு ஒரு அவசியமும் இல்ல." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி எட்டு. பத்து மணிக்கு மறுபடி ஓட விடலாம். வேகமாக் கோடு போட முடியுமா?"

"முடியுமுங்க."

அவள் பழைய கோடுகளைத் துடைப்பத்தால் கலைத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். இரண்டாம் தடத்துக்குப் பதினான்கு மீட்டர், மூன்றாம் தடத்துக்கு இருபத்தொன்பதரை, நான்காம் தடத்துக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து. போட்டு முடித்தபோது பனி முழுக்கப் போயிருந்தது. வெயிலில் புதுச் சுண்ணாம்பு பளிச்சிட்டது.

சார் நான்கு பெண்களையும் நிறுத்தி, நடந்த தப்பை மறைக்காமல் சொன்னார். மாலையில் பையன்களும் மறுபடி ஓடுவார்கள் என்றார். ராதிகா நம்பாதவள்போல அம்சவேணியைப் பார்த்தாள். அம்சவேணி துணிப்பையை அவள் கையில் திணித்தாள். "இது உன்னுது கண்ணு. உன் தம்முல ஒரு குறையும் இல்ல." ராதிகா ஷூவை எடுத்துப் போடவில்லை. பையை மரத்தடியில் வைத்துவிட்டு மற்றவர்களைப்போல வெறுங்காலோடு வந்தாள்.

மறுபடி சீட்டுக் குலுக்கினார்கள். இந்த முறை யமுனாவுக்கு நான்காம் தடம் வந்தது, ராதிகாவுக்கு இரண்டாவது. யமுனா அம்மாவைப் பார்க்காமலே நடந்து போய், மைதானத்தின் பக்கவாட்டில் எல்லோருக்கும் முன்னால் தன்னந்தனியாக நின்றாள்.

வேலி ஓரத்தில் சின்னுசாமி வந்துவிட்டிருந்தான். "ஏனுங்க சார், நேத்து அந்தப் புள்ள, இன்னிக்கு இந்தப் புள்ளயா? இன்னுங் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க, ஓடாமயே ஊடு போய்ச் சேந்துரும்!"

அம்சவேணி திரும்பினாள். "ஏண்டா சின்னுசாமி, முன்னால நிக்கிறவளுக்கெல்லாம் சலுகைன்னு நெனச்சியா? அவ போக வேண்டிய தடம் எத்தன நீளம்னு பாத்துட்டுப் பேசு. வா, வந்து வெளித்தடத்துல ரெண்டு சுத்து சுத்திட்டுப் போ, நானே எண்ணறேன்."

"ஐயோ வேண்டாம் அக்கா, கெழங்கு லோடு காத்துக்கெடக்குது" என்று அவன் பின்வாங்கினான். மிளகுக்கூடையோடு நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

விசில் ஊதியது.

வெளித்தடத்தில் நிற்கிறவளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. யாரும் அவள் கண்ணில் படமாட்டார்கள். முன்னால் இருக்கிறோமா பின்தங்குகிறோமா என்று தெரியாது. முதுகுக்குப் பின்னால் வரும் காலடிச் சத்தம் மட்டும்தான் துணை. யமுனா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓடினாள். முதல் சுற்றில் நான்கு பேரும் ஆளுக்கொரு இடத்தில் சிதறி ஓடினார்கள். யார் முந்துகிறார்கள் என்று பார்ப்பவர்களுக்கும் புரியவில்லை. இரண்டாம் சுற்றில் வளைவுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டு விட, சிதறிக் கிடந்தவர்கள் மெல்ல மெல்லக் கிட்டக் கிட்ட வந்தார்கள். கடைசி வளைவு திரும்பியபோது ராதிகாவும் யமுனாவும் தோளோடு தோள். அந்த ஒரு நொடியில் அம்சவேணிக்கு எல்லாம் நின்றுபோனதுபோல் இருந்தது. இரண்டு பிள்ளைகளும் தரையில் கால் படாமல் மிதந்து வந்தார்கள். எது தன் மகள், எது அடுத்தவள் மகள் என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை; பார்க்கவும் தோன்றவில்லை.

அப்புறம் ராதிகா முன்னேறினாள். முடிவுக் கோட்டில் கட்டிய நூலைத் தொட்டபோது இடையில் ஏழு காலடி தூரம் இருந்தது.

முருகானந்தம் சார் அலுவலக அறையில் உட்கார்ந்து கடிதத்தில் ராதிகாவின் பெயரை எழுதி, உறையை ஒட்டி, தானே மோட்டார் பைக்கில் சோளக்காட்டுக்குக் கொண்டுபோனார். ராதிகா அம்சவேணியைத் தேடி வந்து, அரைமணி நேரம் அவளோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துவிட்டுப் போனாள். வெங்காயம் உரிக்கும்போது அழுதால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அது இரண்டு பேருக்குமே வசதியாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு யமுனா எல்லோரும் போன பிறகு கடைசியாக வந்தாள். தட்டை நீட்டினாள், முகத்தைக் காட்டவில்லை. அம்சவேணி சோறு போட்டு ரசம் ஊற்றினாள். யமுனா அங்கேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். தூரத்தில் பஸ் வளைவு திரும்பும் ஹாரன் சத்தம் கேட்டது. கை ஒரு கணம் நின்றது. மறுபடி சாப்பிட்டாள்.

"நேத்து அவ எத்தன காலடி கூட ஓடுனான்னு சொன்ன?"

"இருபத்து நாலு."

"மூணு காலடிலதான் நான் ஜெயிச்சேன். அப்ப நெசமா நான் நேத்துத் தோத்தது இருபத்தோரு காலடி."

அம்சவேணி ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னிக்கு?"

"ஏழு."

யமுனா சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். விரல் தட்டில் சின்னச் சின்ன வட்டங்களாகப் போய்க்கொண்டிருந்தது. இருபத்தொன்று எங்கே, ஏழு எங்கே. ஒரே ராத்திரியில் அவள் அவ்வளவு தூரம் கிட்டே வந்திருக்கிறாள். நேற்று ஜெயித்தபோது அது அவளுக்குத் தெரிந்திருக்கவே முடியாது.

"அடுத்த வருசமும் ஆள் எடுப்பாங்களாம்மா?"

"எடுப்பாங்கன்னு சார் சொன்னாரு."

"அடுத்த வருசமும் கோடு நீயே போடு." தட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "வேற யாரையும் போட விடாத."

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள்.